விமானியின் வாயில் குண்டூசி

"தையல்காரி" என்று இருந்த இடங்களையெல்லாம் "லாண்டரிக்காரர்" என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரே தேடி, கம்ப்யூட்டரே மாற்றிவிட்டது. அப்பாடா என்று பெருமூச்சு விட்ட பிறகுதான், தான் அடித்த கதையைக் கம்பி படித்துப் பார்த்தாள்.

'லாண்டரிக்காரர் தன் நீண்ட கூந்தலை அள்ளி முடிந்து, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டார்.'

கீழே லாண்டரி வைத்திருக்கும் அண்ணனுக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"பாப்பா, அடிச்சாச்சா?" உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஆறு மணிக்குள்ள போகணும். கொஞ்சம் லேட்டானாலும் அந்த இடத்துல சோப்பு விளம்பரம் போட்டுடுவானுங்க. அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கானுங்க."

"இதோப்பா, பாதி ஆச்சு!"

பாதியாவது ஒன்றாவது. முழுக்கதையையும் எப்போதோ அடித்துவிட்டாள். அனுப்பத்தான் கை வரவில்லை.

கம்பி என்பது பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெயர். பல்வரிசையில் கம்பி ஏறிய நாளிலிருந்து சொந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. வயது பதினாறு. பரீட்சைக்குப் பயம், நாய்க்குப் பயம், வாயைத் திறந்து சிரிக்கப் பயம். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லாப் பயத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பல்லை, அதாவது கம்பியை, கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழ்க்கடைத் தையல் அக்கா இந்தக் கதையில் இருக்கக் கூடாது. கம்பி இருக்க விடமாட்டாள்.

அவள் அப்பா எழுத்தாளர். ஒரு வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கக் கதை எழுதுகிறார். அவர் தாளில் எழுதுவார், கம்பி அடித்து அனுப்புவாள். அவர் கதையில் வருகிறவர்கள் முதல் பத்தியில் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது கடைசிப் பத்தியில் தெரியும். வயதானவரைக் கைபிடித்து ரோட்டைக் கடத்திவிடுகிறவன், அந்தப் பக்கம் போவதற்குள் கைக்கடிகாரத்தைக் கழற்றியிருப்பான். பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள், ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப்பார்ப்பதற்காக ஊற்றுவாள். "நல்லவன்னா யாரு? இன்னும் மாட்டிக்காதவன்" என்பார் அப்பா, பல் தேய்த்துக்கொண்டே. காலையிலேயே அப்படித்தான்.

ஆட்களைத் தேடி அவர் எங்கேயும் போவதில்லை. அந்தக் கட்டடமே போதுமானதாக இருந்தது. கீழே கடைகள், மேலே வீடுகள். ஆறு வீட்டுக்காரர்களும், அவர்களிடம் வந்துபோகிறவர்களும், லாண்டரி அண்ணனும் ஏற்கெனவே கதையில் வந்துவிட்டார்கள். இந்த வாரம் தையல் அக்கா.

அதற்குக் காரணம் கம்பியேதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் நேராகப் போகிற இடம் தையல் கடை. துண்டுத்துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டுவாள். கணக்கில் வாங்கிய மார்க், வகுப்பில் யார் சிரித்தார்கள், கம்பியை எப்போது கழற்றுவார்கள், எல்லாம். அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே "ம்" போடுவாள். அந்த "ம்" ஒன்றுக்காகவே பிழைத்துக் கிடக்கலாம். திங்கட்கிழமை அக்கா வழக்கத்துக்கு விரோதமாக மிஷினை நிறுத்திவிட்டு, வாயிலிருந்த குண்டூசியையும் எடுத்துவிட்டாள்.

"அப்பா என்ன பண்றாரு, கண்ணு?"

"பேனாவைக் கடிச்சுக்கிட்டிருக்காருக்கா."

"ம். உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். யாரு துணி குடுத்தாலும் அதுல கால் மீட்டர் நான் எடுத்து வெச்சுக்குவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

கம்பியின் கையிலிருந்த பிஸ்கட் பாதி வழியிலேயே நின்றது. தைத்தது போக மிஞ்சிய விரல் அகலத் துண்டைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுக்கிற அக்காவா?

"நிஜமாவாக்கா?"

"நிஜமாத்தான். கால் மீட்டர். நல்லாக் கேட்டுக்கிட்டியா?"

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா சும்மா இருக்காமல், "என்னடி, தையல் கடைக்குப் போனியே, அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவைத்தாள். கம்பிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். கால் மீட்டர் வெளியே வந்துவிட்டது.

"அப்படிப் போடு!" என்று அப்பா நிமிர்ந்தார். "எனக்கு அப்பவே தெரியும். இவ்ளோ இனிமையாப் பேசறவ இனாமாவா பேசுவா?" சோற்றுக் கையோடு எழுந்து போய் முதல் வரியை எழுதினார். தாளில் இன்னும் குழம்பு வாசனை அடித்தது.

கதையை அனுப்பாமலே விட்டுவிட்டால் என்ன? அதை நினைத்தாலே கம்பிக்கு உயிர் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கதையே வராமல் போனது. சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. தட்டு போனபடியே திரும்பி வந்தது. கட்டடத்து வாட்ச்மேன்கூட ஜன்னல் வழியாக ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோனார். நல்லவேளையாக, லாண்டரி அண்ணன் சட்டைகளை மாற்றிக் கொடுக்கிறார் என்ற செய்தி அப்போதுதான் அம்மா காதில் விழுந்தது. சொன்னதுதான் தாமதம், அப்பா எழுந்து உட்கார்ந்து பேனா கேட்டார். அந்த முதுகை இன்னொருதரம் பார்க்கக் கம்பியால் முடியாது.

ஆகவே கதை போயே ஆக வேண்டும். அக்கா போகக் கூடாது. தொழிலை மட்டும் மாற்றிவிட்டால் இரண்டும் நடக்கும். அப்பா கேட்டால் பத்திரிகைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். உலகத்தில் எல்லாவற்றையும் யாராவது கெடுப்பார்கள் என்று நம்புகிறவரிடம் அதைச் சொல்வது சுலபம்.

கூந்தல் வரியைத் தூக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். வாசல்மணி அடித்தது.

லாண்டரி அண்ணன். இரண்டு கையிலும் அப்பாவின் சட்டைகளைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

"அப்பா எழுதிக்கிட்டிருக்காரா பாப்பா? தொந்தரவு பண்ணலை. காலருக்குக் கஞ்சி கூடவே போட்டிருக்கேன், சொல்லிடு."

"சரிண்ணே."

"இந்த வாரம் கதை வந்துடுச்சில்ல?"

"வ... வந்துடுச்சு."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

கம்பி கதவை அவசரமாகச் சாத்தினாள். தன்னைச் சட்டைத் திருடன் என்று எழுதிய பக்கத்தை அந்த மனிதர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார். தினமும் பார்த்துப் பார்த்துக் கருவுகிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருதரம் எழுதியதற்கே சட்டம். இன்னொருதரம் எழுதினால்?

லாண்டரிக்காரரைத் தூக்கினாள். வாட்ச்மேனை விட்டால், இன்னும் கதையில் வராத ஒரே ஆள் மேல்மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். உம்மென்று இருப்பார், யாரோடும் பேசமாட்டார். போடு.

'பல் டாக்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "கையைத் தூக்குங்கள்" என்றார். வாடிக்கையாளரின் இடுப்பை அளந்தார். பிறகு துணியை விரித்து, ஒருவருக்கும் தெரியாமல் கால் மீட்டர் வெட்டிக்கொண்டார்.'

பல் டாக்டரிடம் ஏது துணி? "துணி" வருகிற இடத்திலெல்லாம் "பல்" என்று மாற்றினாள்.

'பிறகு பல்லை விரித்து, ஒருவருக்கும் தெரியாமல் கால் மீட்டர் வெட்டிக்கொண்டார்.'

யானைக்கு வைத்தியம் பார்க்கிறவராக இருந்தால்தான் இது நடக்கும். கம்பி தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அடியே, சனிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டர் வரச் சொன்னாரு. கம்பியை முறுக்கணுமாம்."

பத்திரிகை வெளியாவதும் சனிக்கிழமைதான். காலையில் கதை, சாயங்காலம் குறடு. போன தடவை அவள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது டாக்டர் குனிந்து, "உங்கப்பா எல்லாரைப் பத்தியும் எழுதறாரு, என்னைப் பத்தி மட்டும் எழுதறதே இல்லியேம்மா?" என்று கேட்டிருந்தார். கையில் ஊசி இருந்தது. அது எச்சரிக்கை இல்லாமல் வேறென்ன?

டாக்டரும் வேண்டாம். இந்தக் கட்டடத்திலேயே இல்லாத, இந்தத் தெருவிலேயே நடமாடாத ஒரு தொழில் வேண்டும். யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே, மிக உயரத்தில், ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது.

'விமானி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "கையைத் தூக்குங்கள்" என்றார்.'

பரவாயில்லை, கடத்தல்காரன் மாதிரி இருக்கிறது. இனி அந்தப் பல்லை மட்டும் எப்படியாவது இறக்கைக்கோ பெட்டிக்கோ மாற்றிவிட்டால்...

"இன்னுமா பாதி?"

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, மூக்குக்கண்ணாடி உள்ளறையில் இருந்தது. அது இல்லாமல் அவருக்குக் கம்ப்யூட்டர் ஒரு வெளிச்சப் பெட்டி.

"முடிஞ்சுதுப்பா. ஒரே ஒரு திருத்தம்..."

"திருத்தம் நான் சொல்றேன். கடைசி வரி சப்புன்னு இருக்கு. அழிச்சுட்டு இதை அடி. 'தையல்காரி வெட்டியது துணியை அல்ல.' அடிச்சியா? 'நம்மை.' புள்ளி வெச்சுடு."

"தை... தையல்காரியாப்பா?"

"பின்னே விமானியா?"

வேறு வழியில்லை. சொன்னதை அடித்தாள்.

"எங்கே, எந்தக் கட்டையைத் தட்டணும்? இதானே?" என்று கேட்டுக்கொண்டே அப்பா கையை நீட்டினார். அவர் வாழ்நாளில் சரியான கட்டையைத் தட்டியதே இல்லை. அன்றைக்குத் தட்டினார். கதை போய்விட்டது.

பக்கம் பூரா ஒரு விமானி பல்லை விரித்து வெட்டுகிறார். கடைசி வரியில் மட்டும், சம்பந்தமே இல்லாமல், தையல் அக்கா வந்து நிற்கிறாள். எந்த ஒரு ஆளைக் காப்பாற்ற வேண்டுமோ, அந்த ஒரு ஆள்தான் கதையில் மிச்சம்.

அழலாம். அழ நேரமில்லை. அப்பா குளிக்கப் போனதும் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு, அம்மாவின் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"எழுத்தாளர் வீட்டுலேர்ந்து பேசறேங்க. இந்த வாரக் கதையில ஒரு சின்னத் தப்பு..."

"தப்பா?" என்றார் உதவி ஆசிரியர். "என்னம்மா சொல்றீங்க? ஆசிரியர் படிச்சுட்டு நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு. இவ்ளோ நாள் மனுஷங்களைத் திட்டிக்கிட்டிருந்தவரு, இப்ப உலகத்தையே மொத்தமாத் திட்ட ஆரம்பிச்சுட்டாருங்கறாரு. அந்தப் பல்லு இருக்கே, என்னா பல்லுங்க அது! முதல் பக்கத்துக்கு மாத்தியாச்சு. படம்கூட வரைஞ்சுக்கிட்டிருக்காங்க."

"என்ன... என்ன படம்?"

"விமானிதான். வாயில குண்டூசி."

சனிக்கிழமை விடிந்ததும் கம்பி உண்டியலை உடைத்தாள். தெருமுனைக் கடையில் பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் கிடந்தது. எல்லாவற்றையும் தானே வாங்கிவிட்டால் கட்டடத்தில் ஒருவர் கண்ணிலும் படாது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

"எல்லாமா?" என்றார் கடைக்காரர். "அப்படி என்னம்மா இருக்கு இதுல?"

"ஒண்ணுமே இல்லண்ணே. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

காது சிவந்துவிட்டது. கடைக்காரர் அந்தக் காதைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"ஏப்பா, இன்னும் ரெண்டு கட்டு உடனே அனுப்பு. பிச்சுக்கிட்டுப் போகுது! என்னமோ ரகசியம் வந்திருக்காம்."

வாங்கிய கட்டைப் பள்ளிப்பையில் திணித்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே பழைய பக்கெட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தாள். அதற்குள் கட்டடத்தில் எல்லார் கையிலும் பத்திரிகை இருந்தது. லாண்டரி அண்ணன் இஸ்திரிப்பெட்டியை மறந்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு சட்டை கருகியது. தையல் கடையில் மிஷின் சத்தமே இல்லை. வாட்ச்மேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இந்த விமானி எதுக்குப் பல்லுல கால் மீட்டர் வெட்டறாரு?"

"தெரியலண்ணே."

"பெரிய எடத்துத் திருட்டு போல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார்.

வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை. ஈக்கே அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது. கம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொறாமை" என்றார் அப்பா கடைசியில்.

"என்னப்பா?"

"எவனோ ஒருத்தன் கை வெச்சிருக்கான். என் கதையைக் கெடுக்கணும்னே உட்கார்ந்து கெடுத்திருக்கான். ஆனா பாரு, கெடுக்கறதுக்கும் ஒரு திறமை வேணும். தவறிப்போய் நல்லா வந்துடுச்சு." போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், வைத்தார். "காலையிலேர்ந்து ஆளாளுக்குப் பாராட்டறான். நாளைக்கு ஏதோ உதவி கேக்கப் போறானுங்க."

கம்பிக்கு உயிர் திரும்பியது. அப்பா திட்டுகிறார். திட்டினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அந்த நிம்மதியை முழுதாக விழுங்குவதற்குள் அவர் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி. அடுத்த வாரத்துக்குத்தான் ஒண்ணும் இல்ல. இந்தக் கட்டடத்துல இனிமே கெட்டுப்போக ஆளே மிச்சமில்ல போலிருக்கு."

எழுந்து உள்ளறைக்குப் போனார். கட்டில் கிறீச்சிட்டது. கம்பி எட்டிப்பார்த்தாள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

வாசல்மணி அடித்தது.

அம்மாதான் கதவைத் திறந்தாள். தையல் அக்கா. கழுத்தில் அளவு நாடா, கையில் பத்திரிகை. அவளுக்குப் பின்னால் வாட்ச்மேன். அக்காவின் கண் சிவந்திருந்தது. கம்பி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடவில்லை. அம்மாவை நகர்த்திவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"பக்கம் பூரா யாரோ ஒரு விமானி!" என்றாள் அக்கா. "கடைசி வரியில மட்டும் நான்! எவ்ளோ நம்பிக்கையா உன்கிட்டச் சொன்னேன், கண்ணு..."

"அப்பா மேல தப்பு இல்லக்கா" என்றாள் கம்பி. "அவரு பக்கம் பூரா உங்களைத்தான் எழுதியிருந்தாரு. நான்தான் மாத்தினேன். உங்களை எல்லாரும் திருடின்னு பேசக் கூடாதுன்னு நான்தான் முதல்ல லாண்டரி அண்ணனாக்கி, அப்புறம் டாக்டராக்கி, அப்புறம் விமானியாக்கிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. என்கூடப் பேசாம மட்டும் இருக்காதீங்கக்கா."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"பக்கம் பூராவா?" என்றாள் அக்கா. "கொண்டை, பென்சில் எல்லாம்கூடவா?"

"எல்லாம்."

"கொண்டையை எப்படி எழுதியிருந்தாரு?"

"நீண்ட கூந்தல்னு எழுதியிருந்தாருக்கா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கம்பிக்கும் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டாள்.

அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். உள்ளறையில் தெரிந்த முதுகை ஒருமுறை எட்டிப்பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போனது போகட்டும் பாப்பா, அடுத்த வாரம் என் முறை. மொட்டைமாடித் தண்ணித் தொட்டி மூடியை நான் திருடி விக்கறதா நேத்துக் கட்டடத்து மீட்டிங்ல முடிவாயிருக்கு. இன்னிக்குச் சாப்பிடறப்ப அப்பா காதுல போட்டுடு, அவரு எழுதறதை மட்டும் தயவுசெஞ்சு மாத்திடாத."